கொடையும் கடமையும்: யூதர் அறநிதிகள் நமக்குக் கூறும் பாடம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

‘சமுதாய நிதியும் கல்வி வளர்ச்சியும்’ என்னும் பொருள்பற்றி உரையாற்றுமாறு எனக்குக் கட்டளை பிறந்துள்ளது. நம் நிதியைப் பற்றிப் பேசுமுன், நிதி சேர்ப்பதையும் பகிர்வதையும் ஒரு கலையாகவே வளர்த்த வேறொரு சமுதாயத்தைச் சற்று நோக்குவோம். யூதர்களையே குறிப்பிடுகின்றேன். பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் பல நகரங்களில் தனிச்சேரிகளில் அடைக்கப்பட்டவர்கள் அவர்கள். நிலம் வாங்கவும் பல தொழில்களைச் செய்யவும் தடுக்கப்பட்டவர்கள். கடந்த நூற்றாண்டில் இட்லரின் ஆட்சியில் அறுபது இலட்சம் பேரைப் பறிகொடுத்தவர்கள். இன்றைய இசுரேல் நாட்டின் அரசியல் என் பொருளன்று. ஒடுக்கப்பட்ட மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கினர் என்பதே என் பொருள்.

ஈகையைக் குறிக்க எபிரேய மொழியில் வழங்கும் சொல் ‘செதாக்கா’ என்பதாகும். நீதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. உடையவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது இரக்கத்தால் அன்று, அது அவன் செலுத்த வேண்டிய கடன் என்பது கருத்து. வள்ளுவப் பெருந்தகையும் ‘ஒப்புரவறிதல்’ என ஓர் அதிகாரமும் ‘ஈகை’ என மற்றோர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். ஊரோடு ஒத்து உதவும் கடமை வேறு, வறியவர்க்கு ஈதல் வேறு என்பதை நம் முன்னோரும் உணர்ந்திருந்தனர்.

பண்டைய யூதர் ஊர்களில் பொதுநிதிப் பெட்டி ஒன்று உண்டு. அதற்கு இருவர் சேர்ந்தே தண்டல் செய்தல் வேண்டும். மூவர் கூடியே பகிர்ந்தளித்தல் வேண்டும் என்பது அவர்களது பழைய சட்டம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடீசு என்னும் பேரறிஞர், கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைப்படி. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என ஒருவருக்கொருவர் அறியாமல் கொடுப்பது மிக உயர்ந்தது. அதனினும் உயர்ந்த தலைப்படி, கடன் கொடுத்தோ தொழிலிற் கூட்டுச் சேர்த்தோ வேலை தேடித் தந்தோ ஒருவனை மீண்டும் கையேந்தாத நிலைக்கு உயர்த்துவதாகும். 1892ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து யூதர் வட்டியில்லாக் கடன் சங்கம் ஒன்றை நிறுவியது இக்கொள்கையின் வழியேயாம்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. யூத இல்லங்களில் வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் விளக்கேற்றுமுன், பெண்கள் அறப்பெட்டியில் ஒரு காசு இடுவது வழக்கம். நம் நாட்டில் பெண்கள் உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இட்டுவைத்த பிடியரிசி வழக்கத்தை அது நினைவூட்டவில்லையா? ஒரு பிடியால் அன்றைய சோறு குறைந்துவிடுவதில்லை. ஆனால் நூறு வீட்டுப் பிடி சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடம் நடக்கும்.

நம் இந்திய மண்ணில் இக்கொடைகள் விளைத்த பயன் என்ன? பாக்தாது நகரிலிருந்து 1832இல் பம்பாய்க்கு வந்து குடியேறிய டேவிட் சாசூன் பெருவணிகரானார். அவர் குடும்பச் செல்வத்தில் அபினி வாணிகத்திற்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அச்செல்வத்தினின்று தொழுகைக் கூடங்களோடு புனே நகரில் எல்லார்க்கும் பொதுவான மருத்துவமனையும் எழுந்தது. ஆயினும் நம் சிந்தனைக்கு உரியவர் பெருவணிகர் அல்லர். கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த ‘பெனே இசுரேல்’ யூதரிடையே தோன்றிய கெகிம்கர் என்பார், 1875இல் பம்பாயில் தம் மக்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன்பின் இலண்டனிலிருந்த ஆங்கில-யூதர் சங்கம் அப்பள்ளிக்கு மானியம் அனுப்பியது. உள்ளூரார் முயற்சி முன்னே நின்றது. வெளிநாட்டுப் பணம் பின்னே வந்தது. இந்த வரிசையை மறவாதீர்கள்.

கல்கத்தாவில் 1881இல் யூதப் பெண்கள் பள்ளி எழுந்தது. நாளடைவில் யூதர் பெரும்பாலோர் வெளிநாடுகளுக்குச் சென்றுவிட்டனர். பள்ளியோ மூடப்படவில்லை. இன்று அங்கே பயில்வோரில் மிகப் பெரும்பாலோர் இசுலாமியச் சிறுமியர். ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கென ஏற்றிய விளக்கு அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒளி தருகின்றது.

நாடு கடந்த உதவிக்கெனவே அவர்கள் அமைப்புகளைக் கண்டனர். 1860இல் பாரிசு நகரில் தோன்றிய சங்கம் ஒன்று, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் யூதச் சிறுவர்க்குப் பள்ளிகள் நடத்தியது. 1880இல் இரசியாவில் தோன்றிய ‘ஓஆர்டி’ தொழிற்கல்வி வழங்கியது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது, பட்டினியால் வாடிய யூதர்க்கு உதவ ஐம்பதாயிரம் டாலர் வேண்டுமென்று ஒரு தந்தி அமெரிக்காவுக்குச் சென்றது. அதிலிருந்து பிறந்த ‘கூட்டுப் பகிர்மானக் குழு’ நூறாண்டு கடந்தும் பணியாற்றி வருகின்றது.

அடுத்து, நம் நெஞ்சிற்கு மிக நெருங்கிய வரலாறு ஒன்றைக் கூறுவேன். அமெரிக்க வணிகர் சூலியசு ரோசன்வால்டு ஒரு யூதர். 1917இல் போரால் நலிந்த யூதர்க்கென நிதி திரட்டியபோது, மற்றவர்கள் தரும் ஒவ்வொரு பத்து இலட்சம் டாலருக்கும் தாம் ஓர் இலட்சம் தருவதாக அறிவித்துப் பிறரையும் கொடுக்க வைத்தவர். அவர் தம் சமுதாயத்தோடு நின்றுவிடவில்லை. கறுப்பின மக்களின் தலைவர் புக்கர் வாசிங்டனை 1911இல் சந்தித்தார். அந்நட்பின் விளைவாக அமெரிக்கத் தென் மாநிலங்களின் சிற்றூர்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் எழுந்தன. 1932க்குள் எழுந்த பள்ளிக் கட்டடங்கள் ஐயாயிரத்தை ஒட்டியவை.

அவர் முழுத்தொகையையும் தரவில்லை. ஒரு பங்கை ஊரார் திரட்ட வேண்டும், அரசும் ஒரு பங்கு தரவேண்டும், பள்ளியை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. மொத்தச் செலவு ஏறத்தாழ 2 கோடியே 84 இலட்சம் டாலர். அதில் ரோசன்வால்டு நிதி தந்தது சுமார் 43 இலட்சம். பருத்திக் காட்டில் கூலிவேலை செய்த கறுப்பின மக்கள் தந்ததோ சுமார் 47 இலட்சம்! வள்ளல் தந்ததைவிட ஏழைகள் தந்தது மிகுதி. பெயர் மட்டும் வள்ளலுடையதாயிற்று.

இதில் ஓர் அநீதியும் உண்டு. அம்மக்கள் அரசுக்கு வரி செலுத்தியவர்கள். வெள்ளையர் பிள்ளைகளுக்கு அவ்வரியிலிருந்தே பள்ளி கிடைத்தது. இவர்களோ மீண்டும் ஒருமுறை தம் கையிலிருந்து கொடுத்தே பள்ளியைப் பெற்றனர். ஆதலால் இளைஞர்களே, கொடை என்பது உரிமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. நம் மாணவர்க்கு அரசு தரும் கல்வி உதவித்தொகை பிச்சையன்று. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல் வந்த உரிமை அது. அத்தொகை காலந்தாழ்ந்தால் கேட்டுப் பெறுவது சங்கத்தின் முதற்பணி. அது வரும்வரை மாணவனைத் தாங்குவது இரண்டாம் பணி.

அண்ணலும் ஒரு கொடையால் கடல் கடந்தவரே. பரோடா மன்னரின் உதவியால் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவருக்குப் பொருளியல் பயிற்றுவித்த பேராசிரியர் செலிக்மன் யூதர். அண்ணலின் நூலுக்கு அவர் முன்னுரையும் வழங்கினார். பெற்ற உதவியை அண்ணல் தம்மோடு முடித்துக்கொள்ளவில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிப் பல்லாயிரவர்க்குத் திருப்பிக் கொடுத்தார். பெற்றவன் கொடுப்பவனாக மாறாவிடில் கொடை பாதி வழியில் நின்றுவிடும்.

நமக்கும் அயல்நாட்டு உதவி புதிதன்று. மயிலாடியில் நம்மவரான மகாராசன் வேதமாணிக்கம் விரும்பியழைத்ததன் பயனாகவே, 1806இல் இலண்டன் மிசன் தொண்டர் ரிங்கல்தௌபே இப்பகுதிக்கு வந்தார். பள்ளிகளும் தொடர்ந்து வந்தன. கேட்கத் துணிந்தவர் நம்மவர் என்பதை வரலாற்றில் அழுத்திச் சொல்லுங்கள்.

இறுதியாகக் கொச்சிக்கு வாருங்கள். அங்குள்ள பரதேசி யூதர் தொழுகைக் கூடம் 1568இல் கட்டப்பட்டது. உலகெங்கும் ஒதுக்கப்பட்ட அம்மக்கள், அக்கூடத்திற்குள்ளேயே வேறு சிலரை ஒதுக்கினர்! விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் இருக்கையில் அமரலாகாது. தரையிலோ வாயிற்புறத்திலோதான் அமர வேண்டும். திருமண உறவும் இல்லை. அக்குடியிற் பிறந்து வழக்கறிஞரான ஏ. பி. சேலம் காந்தியடிகளின் அறவழியில் அங்கேயே போராடினார். சிறிது சிறிதாகத் தடைகள் தளர்ந்தன. 1882இல் பிறந்து 1967இல் மறைந்த அவரை ‘யூதக் காந்தி’ என்பர்.

இக்கதையை நான் கூறுவது கொச்சிக்காக அன்று. சாம்பவர், சேரமர், புலையர், அருந்ததியர் என நம்முள்ளேயே நாம் இருக்கை பிரிக்கின்றோமா, இல்லையா? நம் நிதியில் பங்கு கேட்கத் தயங்கி வாயிற்படியில் நிற்கும் வீடு நம் ஊரிலேயே உண்டா, இல்லையா? நெஞ்சைத் தொட்டு விடை கூறுங்கள்.

வரும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கென நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். அரசுப் பணியிலும் வளைகுடா நாடுகளிலும் ஊதியம் பெறுவோர், மாதந்தோறும் ஒரு சிறு பங்கைச் சங்கத்திற்குக் கடனாகக் கருதிச் செலுத்துக. கல்லூரியிற் சேரும் முதல் மாதச் செலவுக்கு வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றை அமைத்திடுக. பணியேற்றபின் அம்மாணவர் அதைத் திருப்பித் தருக. இருவர் தண்டி மூவர் பகிர்ந்து, ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் வரவு செலவைப் படித்திடுக. உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றிப் படம் பிடிக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துக. கொடையைப் பெறும் பிள்ளை தலைகுனியலாகாது.

பிடியரிசி எடுத்த கைகளுக்கு இவை அரியன அல்ல.