அவன் சொன்னதே முதல் பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் நம் எல்லோருடைய வகுப்பிலும் இருக்கிறார்கள். அப்படி ஒரு மாணவனைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதை என் தவறிலிருந்தே தொடங்க வேண்டும்.

அமிர்தி என்றால் வேலூர்க்காரர்களுக்கு உயிரியல் பூங்காவும் அருவியும்தான் நினைவுக்கு வரும். நமக்கோ ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள்தான் அமிர்தி. அவர்களில் பலர் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தினர். அவர்கள் பேசுவதும் தமிழ்தான். ஆனால் அந்தப் பேச்சுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடைவெளி உண்டு.

அந்த மாணவன் ஜூன் மாதத்தில் நிறையப் பேசினான். அவன் வாய் திறக்கும்போதெல்லாம் நான் திருத்தினேன். “வந்துச்சி இல்லை, வந்தது என்று சொல்” என்பேன். வகுப்பு சிரிக்கும். கொஞ்ச நாளில் அவன் பேசுவதை நிறுத்தினான். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்கு வருவதையும் நிறுத்தினான். சாமை அறுவடைக்குப் போயிருப்பான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா சொன்னார்: “எனக்குப் பேசவே தெரியலையாம்மான்னு கேக்கறான், டீச்சர்.”

எனக்குப் பதில் வரவில்லை. “தப்பு என் மேலதாம்மா. அவன அனுப்புங்க. அவன் பேசட்டும், நான் கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் வந்தான். புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை. “தேன் எப்படிப்பா எடுப்பாங்க?” என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: “தாத்தா தேன் எடுக்கப் போனாரு. பொகை போட்டாரு. ஈ பறந்துடுச்சி. நான் கூடையப் புடிச்சிக்கினு நின்னேன்.”

சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதினேன். அவனைப் படிக்கச் சொன்னேன். படித்தான்! ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு தெரியாமல் தடுமாறிய பிள்ளை அவன். அன்று ‘தேன்’ என்ற சொல்லில் ‘தே’யைப் பிடித்துக்கொண்டான்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த ஆசிரியை சில்வியா ஆஷ்டன் வார்னர், குழந்தை விரும்பிக் கேட்கும் சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்து வாசிக்க வைத்தார். தம் அனுபவத்தை 1963இல் நூலாகவும் வெளியிட்டார்.

இப்போது என் வகுப்பில் தினமும் பத்து நிமிடம் இப்படி நடக்கிறது. ஒரு மாணவர் தான் பார்த்ததைப் பேசுவார். பேசும்போது யாரும் திருத்தக்கூடாது. மற்றவர்கள் எங்கே, எப்போது, ஏன் என்று கேள்வி கேட்கலாம். இப்படிக் கேட்பதும் பேச்சுப் பயிற்சிதான். பிறகு அதில் நான்கு வரிகளைக் கரும்பலகையில் எழுதுவேன். இடப்பக்கம் ‘வீட்டுப் பேச்சு’, வலப்பக்கம் ‘புத்தகத் தமிழ்’. ‘போனாரு’வுக்கு எதிரில் ‘போனார்’ என்று பிள்ளைகளே சொல்லி எழுத வைப்பார்கள். இரண்டில் எதையும் தவறு என்று சொல்வதில்லை. எதை எங்கே பயன்படுத்துவது என்று மட்டும் பேசுவோம்.

எழுதும்போது பிழை வரும். எல்லாவற்றையும் சிவப்பு மையில் சுழித்தால் பிள்ளை அடுத்த முறை இரண்டே வரியில் முடித்துவிடும். அதனால் ஒரு வாரம் ர, ற மட்டும் பார்ப்பேன். அடுத்த வாரம் ல, ள, ழ.

நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்துத் தைத்தால் பதினாறு பக்கப் புத்தகம் கிடைக்கும். பிள்ளைகளின் கதைகளை அப்படித் தைத்து, வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற நூல்களோடு சேர்த்து வைத்திருக்கிறோம். நம் பிள்ளைகள் எழுதிய புத்தகங்கள்தான் சீக்கிரம் கிழிகின்றன. அத்தனை பேர் எடுத்துப் படிக்கிறார்கள்.

“பாடத்தை எப்போது முடிப்பது?” என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பாடத்தை முடித்தோம் என்றால், முடித்தது நாம் மட்டும்தான்.

அந்த மாணவன் இன்னும் ‘ர’வையும் ‘ற’வையும் மாற்றி எழுதுகிறான். ஆனால் ‘நட’ நூல்களைத் தானே வாசிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தேன் கதையை எல்லோர் முன்னும் வாசித்தான். அவன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

நாளை உங்கள் வகுப்பில் இதுவரை பேசாத ஒரு பிள்ளையிடம், அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். திருத்தாமல் கேளுங்கள்.