வைத்தியத் தொண்டு

(ஒரகடத்தில் தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



அந்நிய நாட்டில் வைத்தியத் தொண்டு செய்வது என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். படித்த வாலிபர்கள் சிலர் ஆப்பிரிக்காவுக்கோ நேபாளத்துக்கோ போய், ஒரு சிறு ஆஸ்பத்திரியில் சில மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டுமென்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். அதைக் குறைசொல்ல நாம் வரவில்லை. ஆனால் தொண்டு என்பதைப் பற்றி நம் நாட்டில் இருந்துவரும் எண்ணமே கோளாறானது. நோயாளிக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தால் புண்ணியம் என்று நினைக்கிறவன் நோயாளிக்காகவா தொண்டு செய்கிறான்? தன் மோட்சத்துக்காகச் செய்கிறான். அவனுக்கு நோய் ஒழியவேண்டிய அவசியமே இல்லை. நோயாளி இருந்துகொண்டே இருந்தால்தானே புண்ணியம் வந்துகொண்டே இருக்கும்?

அப்படியானால் உண்மைத் தொண்டை எப்படி அளப்பது? எத்தனை மைல் கடல் தாண்டிப் போனான் என்பதைக் கொண்டல்ல. நாம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். நோயாளியின் பாஷையில் பேசினானா? தான் போன பிறகும் வேலை நடக்கும்படி செய்தானா?

சாமுவேல் பிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் 1847-ல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். அவர் மதம் பரப்பும் சங்கத்தால் அனுப்பப்பட்டவர். அதை நாம் மறைக்கவில்லை. அவர் ஜெபமும் செய்தார், கத்தி எடுத்து ரண சிகிச்சையும் செய்தார். புண் ஆறியது எதனால் என்பதை உங்கள் அறிவுக்கே விட்டுவிடுகிறோம். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. தமிழ் கற்றார். அறுபது பேருக்கு மேல் அவ்வூர்ப் பிள்ளைகளை டாக்டர்களாக்கினார். இங்கிலீஷில் படித்தவர்கள் சர்க்கார் உத்தியோகம் தேடிப் போவதைக் கண்டு, 1862-ல் இரண்டாம் முறை வந்த பிறகு தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். ரண வைத்தியம், உடற்கூறு, ரசாயனம் முதலியவற்றுக்குத் தமிழில் புத்தகங்கள் செய்தார். 1873-ல் அவர் ஊர் திரும்பியபோது வைத்தியம் அவரோடு கப்பலேறிப் போய்விடவில்லை. தமிழில் சயன்ஸ் வராது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் பண்டிதர்கள் மானிப்பாயைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

நம் நாட்டிலிருந்தும் ஆள் போயிருக்கிறார்கள். 1938-ல் ஜப்பான் சீனாவைத் தாக்கிய யுத்த காலத்தில், காங்கிரஸ் ஐந்து டாக்டர்களைச் சீனாவுக்கு அனுப்பிற்று. அவர்களில் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னீஸ். அவர் சீன பாஷை கற்றார், காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார், சீன மாணவர்களுக்குப் பாடமும் சொன்னார். 1942 டிசம்பரில் 32-வது வயதில் அங்கேயே இறந்தார். அவர் போனது புண்ணியம் தேடியா? இல்லை. மனிதனுக்கு மனிதன் செய்யவேண்டிய கடமை என்றே போனார்.

தோழர்களே! இதையெல்லாம் ஒரகடத்தில் ஏன் சொல்லுகிறோம் என்று கேட்பீர்கள். ஸ்ரீபெரும்புதூர் என்றால் வெகுகாலம் ராமானுஜர் பிறந்த ஸ்தலம் என்றே பெயர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்திலும் ஆரம்பித்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆகிய இடங்களிலிருந்து ஆணும் பெண்ணும் இங்கே வந்து ஒரே அறையில் பலராகத் தங்கி வேலை செய்கிறார்கள். போர்டு படிக்க முடியாது, டாக்டர் சொல்வது விளங்காது. அவர்களுக்குச் சுங்குவார்சத்திரமே அந்நிய நாடு. நீங்கள் கப்பலேற வேண்டியதில்லை. அந்நிய நாட்டு ஆஸ்பத்திரி உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது!

பாஷை தெரியாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். க்ஷயம் என்று தெரிந்தால் சாதாரணமாக ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். ஓரிரு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறும். "ஆறு மாதம்" என்ற சொல் காதில் விழாதவன் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுவான். அரைகுறையாகக் கொல்லப்பட்ட கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறும். பிறகு அது அவனோடு நிற்காது. அதே அறையில் படுக்கும் ஒரியாக்காரனுக்கும் வரும், அடுத்த வீட்டுத் தமிழனுக்கும் வரும். கிருமிக்கு மாகாணமும் இல்லை, ஜாதியும் இல்லை.

இதில் இன்னொரு அக்கிரமமும் உண்டு. பாஷை தெரியாத தொழிலாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறவன் பெரும்பாலும் காண்ட்ராக்டரின் ஆள். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று பேசுகிறவன் அவனே. ஒரு பெண் தன் மாதவிலக்கைப் பற்றியோ, கர்ப்பத்தைப் பற்றியோ, வேலையைப் பறிக்கக்கூடியவனின் வாய் வழியாகச் சொல்லுவாளா? ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்து போவாள். மிஷினில் கை நசுங்கியவன் "வழுக்கி விழுந்தான்" என்று சீட்டில் ஏறிவிட்டால் நஷ்டஈட்டுக்கு எங்கே போவான்? ஆகையால் காண்ட்ராக்டரிடம் கூலி வாங்காத ஒருவர் நடுவில் நின்று பேசுவது சிறு வேலையல்ல. ஒருவனுடைய உயிரும் சம்பளமும் அதில் இருக்கின்றன.

"ஹிந்தியை எதிர்த்த நாம் ஹிந்தி பேசுவதா?" என்று சிலர் கேட்கலாம். சர்க்கார் தடியெடுத்து நம் பிள்ளைகளின் தலையில் ஒரு பாஷையைத் திணிப்பது வேறு. நோயாளிக்காக நாமாக நாலு சொல் கற்பது வேறு. முன்னதை எதிர்ப்பது சுயமரியாதை, பின்னது மனிதத்தன்மை. ஒரியாவிலும் ஜுரத்துக்கு ஏறக்குறைய "ஜ்வர" என்றுதான் சொல்லுகிறார்கள். இதைக் கற்க எந்தப் பரீட்சைக்குப் போக வேண்டும்?

"வேலையைப் பிடுங்க வந்தவனுக்கு உதவியா?" என்று இன்னும் சிலர் கேட்கலாம். வேலையைக் குறைந்த கூலிக்கு விற்கிறவன் யார், வாங்குகிறவன் யார் என்று யோசியுங்கள். இலங்கைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் காட்டுக்கும் நம் பாட்டன்மார் போனபோது அவர்களும் இதே பேச்சைத்தான் கேட்டார்கள்.

அடுத்தது உரிமை விஷயம். ஆரம்ப சுகாதார நிலையம் ஜனங்களின் வரிப்பணத்தில் நடப்பது. அங்கே கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்ட தொழிலாளியிடம், 2019 ஜூலையில் ஏற்பட்ட விகிதப்படி, சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளியிடம் மூன்றேகால் ரூபாயும் வசூலாகிறது. 15,000 ரூபாய் சம்பளக்காரன் மாதம் சுமார் 113 ரூபாய் கட்டுகிறான். அந்தப் பணத்துக்கு அவனுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியவன் நோயாய்ப் படுத்தால், வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு உண்டு. காண்ட்ராக்ட் கூலியும் இதில் சேர்ந்தவனே. தன் சம்பளச் சீட்டில் இப்பிடித்தம் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவன், தான் பணம் கட்டிய வைத்தியத்தையே பிச்சையென்று நினைத்து வெளியே காசு கொடுத்து ஊசி போட்டுக்கொள்ளுகிறான்.

எனவே வாரத்தில் ஒரு அரைநாள் கொடுங்கள் என்று உங்களைக் கேட்கிறோம். ஆஸ்பத்திரி டாக்டரிடம் அனுமதி பெற்றுப் போங்கள். ஊசி போடாதீர்கள், மருந்து சொல்லாதீர்கள். அது படித்தவர் வேலை. சொன்னதைச் சொன்னபடி பெயர்த்துச் சொல்லுங்கள். ஒருவருடைய நோயை மேஸ்திரியிடமோ வீட்டுக்காரரிடமோ, உங்கள் மனைவியிடமோகூடச் சொல்லாதீர்கள். பெண்களுக்குப் பெண்களே பேச முன்வாருங்கள். சாமி படம் கொடுக்காதீர்கள், நம் கட்சிப் பத்திரிகையையும் அங்கே நீட்டாதீர்கள். நோயாளி பிரசாரத்துக்கு அகப்பட்ட மீன் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தவர்களிலேயே இரண்டு பேரைப் பழக்கி விடுங்கள். ஓர் ஒரியாத் தொழிலாளி தன் தோழனை அழைத்துவந்து, தானே டாக்டரிடம் தமிழில் பேசி, "ஆறு மாதம், நிறுத்தாதே" என்று அவனுக்கு ஒரியாவில் சொல்லும் நாளில் உங்கள் தொண்டு அங்கே தேவையில்லாமல் போகும். அந்த நாள் சீக்கிரம் வரும்படி செய்வதே உண்மையான தொண்டு என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.