ஆர்டர் கொடுக்கிறவங்க எங்க நிக்கணும்?

எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.

இன்னைக்கு கேம் பத்தி பேசப் போறோம். எந்த கன் நல்லது, எந்த போன்ல லேக் அடிக்காது, அந்த மாதிரி எபிசோட் இல்லை இது. ஒரு டீம்ல முடிவெடுக்கிறது யாரு, அவங்க சொன்னா மத்தவங்க ஏன் கேட்கணும், அதுதான் இன்னைக்கு விஷயம். ஷூட்டர் கேம்ல கமாண்டர்னு ஒரு ரோல் உண்டு. நம்ம பசங்க சொல்ற வார்த்தை ஐஜிஎல், இன்-கேம் லீடர்.

நான் மரக்காணம். ஈசிஆர்ல சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போறப்போ ரோட்டோரமா உப்பு குவிச்சு வெச்சிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. வண்டியை நிறுத்தி போட்டோகூட எடுத்திருப்பீங்க. அந்த ஊர்தான். அம்மாவுக்கு உப்பளத்துல வேலை. நான் இப்போ சென்னையில ஒரு ஆபீஸ்ல இருக்கேன். ராத்திரி பத்து மணிக்கு மேல நாலு பேர் ஸ்குவாடுக்கு ஐஜிஎல். மத்த மூணு பேருல ரெண்டு பேர் என் சித்தி பசங்க, ஒருத்தன் எங்க தெருப் பையன். மூணு பேரும் இன்னும் ஊர்லதான் இருக்காங்க.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 2002-ல நேச்சுரல் செலக்‌ஷன்னு ஒரு கேம் வந்துச்சு. ஹாஃப்-லைஃப் கேமை அடிப்படையா வெச்சு பண்ண மாட். ஒரு பக்கம் மனுஷங்க, இன்னொரு பக்கம் ஏலியன். மனுஷங்க டீம்ல ஒருத்தர் மட்டும் போய் ஒரு கமாண்ட் சேர்ல உட்காருவார். உட்கார்ந்ததும் அவருக்கு கேம் மொத்தமும் மேலேருந்து தெரியும், செஸ் போர்டு மாதிரி. எங்க என்ன கட்டணும், யாருக்கு புல்லட், யாருக்கு மருந்து, எல்லாம் அவர் கையில. கீழ இருக்கிறவங்களுக்குத் தெரியறது அவங்க கண் முன்னாடி இருக்கிற காரிடார் மட்டும்தான். ஆனா அந்த சேர் இருக்கிறதும் அதே மேப்லதான். ஏலியன் வந்து அதை உடைச்சுட்டா கமாண்டர் காலி. டீமுக்குப் பிடிக்கலைன்னா ஓட்டுப் போட்டு அவரை சேர்ல இருந்து இறக்கவும் செய்யலாம்.

அடுத்து 2005, பேட்டில்ஃபீல்ட் 2. ஒரு மேட்ச்ல 64 பேர் வரைக்கும் ஆடலாம். ஆறு ஆறு பேரா ஸ்குவாட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு லீடர், டீமுக்கு ஒரே கமாண்டர். அவர்கிட்ட ஆர்ட்டிலரி இருக்கும், மேப்பை ஸ்கேன் பண்ற ரேடார் இருக்கும், யூஏவி இருக்கும், மேலேருந்து சப்ளை பெட்டி இறக்கலாம். கமாண்டர்கிட்ட வாய்ஸ்ல பேச முடியறது ஸ்குவாட் லீடர்களுக்கு மட்டும்தான். யோசிச்சுப் பாருங்க, 32 பேரும் ஒரே சேனல்ல கத்தினா எதுவும் காதுல விழாது. அதனால சிப்பாய் லீடர்கிட்ட சொல்வான், லீடர் கமாண்டர்கிட்ட சொல்வான். எதிரி பதுங்கி வந்து அந்த ரேடாருக்கும் பீரங்கிக்கும் குண்டு வெச்சுட்டா, யாராவது போய் ரிப்பேர் பண்ற வரைக்கும் கமாண்டர் குருடுதான். இதுலயும் ஓட்டுப் போட்டு இறக்கலாம். அதுக்கு அந்த கேம் வெச்ச பேரு மியூட்டினி, அதாவது கலகம்.

2013-ல பேட்டில்ஃபீல்ட் 4 வந்தப்போ கமாண்டர் திரும்ப வந்தார், ஆனா வேற மாதிரி. இந்த தடவை அவர் களத்துலயே இல்லை. வீட்ல சோபால படுத்துக்கிட்டு டேப்லெட்ல கமாண்டர் ஆகலாம், அதுக்குன்னு ஆப் விட்டாங்க. அவரை யாரும் சுட முடியாது. மிசைல் போடுவார், ஆர்டர் போடுவார், ஆனா சாக மாட்டார். 2016-ல வந்த பேட்டில்ஃபீல்ட் 1-ல கமாண்டர் ரோலே இல்லை. அப்புறம் 2021-ல முழுசா ரிலீஸ் ஆன ஹெல் லெட் லூஸ்ல, 50-க்கு 50 பேர் ஆடுற அந்தக் கேம்ல, கமாண்டர் மறுபடி மண்ணுல இறங்கிட்டார். துப்பாக்கியோட நிக்கிறார், சுட்டா விழுவார்.

இதெல்லாம் வரிசையா பார்த்தா எனக்கு மூணு கேள்வி வருது. கமாண்டருக்கு என்ன தெரியுது? தப்பாச்சுன்னா அவருக்கு என்ன ஆகும்? அவரை இறக்க வழி இருக்கா? மூணாவதுக்கு எல்லாக் கேமும் ஏதாவது ஒரு வழி வெச்சிருக்கு. முதல் கேள்விக்கும் டெக்னிக்கலா பதில் உண்டு. ரெண்டாவதுதான் கஷ்டம். அந்தக் கேள்வி எனக்கு கேம்ல இருந்து வரலை, எங்க வீட்ல இருந்து வந்தது.

உப்பளம் எப்படி ஓடுதுன்னு சுருக்கமா சொல்றேன். உப்புத் தண்ணியை ஒரு பாத்தியில இருந்து அடுத்த பாத்திக்கு விட்டு விட்டு, வெயில்ல கெட்டி ஆக்குவாங்க. கடல் தண்ணி போமே அளவுல மூணு, மூணரை டிகிரி இருக்கும். 25 கிட்ட வந்தாதான் உப்பு படியும். 30 பக்கம் போக விட்டா மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், அதுக்கு முன்னாடி அந்தத் தண்ணியை வெளியேத்தணும். ஆக, எப்போ தண்ணி விடணும், எப்போ வாரணும்னு ஒருத்தர் முடிவு பண்ணியே ஆகணும். இன்னும் ரெண்டு நாள் விட்டா உப்பு நல்லா கெட்டியா வரும். ஆனா நாளைக்கு மழை பெஞ்சா படிஞ்சது மொத்தமும் கரைஞ்சிடும். இன்னைக்கே வாரணுமா, விடணுமா?

பிஜிஎம்ஐ ஆடுறவங்களுக்கு இந்தக் கணக்கு புரியும். ஜோன் சுருங்குது, அடுத்த வட்டம் எங்க விழும்னு தெரியாது. இப்பவே வண்டியை எடுத்துக்கிட்டு நடுவுல போய் ஒரு வீட்டைப் பிடிக்கிறதா, ஓரமாவே நின்னு பின்னாடி வர்றவங்களை அடிக்கிறதா? எரங்கல் மேப் எட்டு கிலோமீட்டருக்கு எட்டு கிலோமீட்டர். நூறு பேர் இறங்குறாங்க. எந்த ஐஜிஎல்லுக்கும் மேலேருந்து பார்க்கிற சேர் கிடையாது. கமாண்டர்னு ஒரு பட்டனே அந்தக் கேம்ல இல்லை. நாலு பேருக்கும் ஒரே மாதிரி ஸ்கிரீன், ஒரே உயிர். அதுல ஒருத்தர் சொல்றதை மத்த மூணு பேர் கேட்கிறதா முடிவு பண்ணிக்கிறாங்க, அவ்வளவுதான்.

அம்மா ரெண்டு மேஸ்திரிகிட்ட வேலை பார்த்திருக்காங்க. ஒருத்தர் கரை மேலேயே நிப்பாராம், செருப்போட. இன்னொருத்தர் பாத்திக்குள்ள இறங்கி, காலால மிதிச்சுப் பார்த்துட்டுதான் "இன்னைக்கு வாரலாம்"னு சொல்வாராம். ரெண்டு பேருக்கும் கணிப்பு தப்பும். மழை யாருக்குத் தெரியும்? ஆனா தப்பினா என்ன ஆகுது பாருங்க. உப்பு கரைஞ்சா சுமக்க உப்பு இல்லை. சுமக்கிறதுக்குக் கூலி வாங்குற பொம்பளைங்களுக்கு அன்னைக்கு ஒண்ணும் இல்லை. முடிவு எடுத்தவர் ஒருத்தர், நஷ்டம் வேற ஒருத்தருக்கு. அம்மா அந்த ரெண்டாவது மேஸ்திரியைப் பத்தி மட்டும் நல்லபடியா பேசுவாங்க. "அவரு காலும் புண்ணாச்சுடீ"ம்பாங்க. அம்மா கொடுக்கிற பெரிய சர்ட்டிபிகேட்டே அதுதான்.

கவுன்டர்-ஸ்டிரைக்ல காரிகன்னு ஒரு ஐஜிஎல் இருக்கார், டென்மார்க்காரர். 2022-ல ஆன்ட்வெர்ப் மேஜரை ஃபேஸ் டீமுக்கு ஜெயிச்சுக் கொடுத்தப்போ அவருக்கு வயசு 32. ஸ்கோர்போர்டைப் பார்த்தா பல மேட்ச்ல கீழதான் இருப்பார். டீமுக்காகக் கதவுக்குள்ள முதல்ல நுழையற வேலையை அவரே அடிக்கடி எடுத்துப்பார். அதுல கில் குறையும், சாவு கூடும். அவர் பேரைக் கேட்டாலே எனக்கு அந்த மேஸ்திரிதான் ஞாபகம் வரார்.

சரி, இப்போ நான் எப்படி ஐஜிஎல் ஆனேன்னு சொல்றேன். உப்பு சீசன் ஜனவரி வாக்குல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும். அக்டோபர்ல மழை வந்தா வேலை நின்னுடும். அந்த மாசங்களுக்கு அரசாங்கம் 5,000 ரூபாய் நிவாரணம் தருது, 2022-ல இருந்து. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்க பக்கம்தான் கரை ஏறுச்சு. உப்பளம் எது, ஏரி எதுன்னே தெரியலை. அந்த மாதிரி மாசத்துல வீட்ல நாலு பேர் முடங்கிக் கிடப்போம், கையில ஒன்றரை ஜிபி டேட்டா இருக்கும். கேம் ஆடாம வேற என்ன பண்றது?

பப்ஜியை 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி தடை பண்ணாங்க. 2021 ஜூலையில பிஜிஎம்ஐ வந்துச்சு. 2022 ஜூலையில அதுவும் ஸ்டோர்ல இருந்து காணாமப் போச்சு, 2023 மே மாசம் திரும்ப வந்துச்சு. இவ்வளவுக்கும் நடுவுல எங்க ஸ்குவாட் அப்படியே இருந்துச்சு. மூணு பேரும் என்னைவிட நல்லா சுடுவாங்க. ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. "அங்க, அங்க இருக்கான்!" எங்கடா அங்க? நான்தான் ஒரு ரூல் போட்டேன். எந்தத் திசை, எத்தனை பேர், என்ன பண்றாங்க, மூணே விஷயம், அப்புறம் வாயை மூடிக்கணும். ரெண்டு வாரத்துல வித்தியாசம் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் சண்டை ஆரம்பிச்சாலே சின்னத் தம்பி "அக்கா, சொல்லு"ன்னு கேட்க ஆரம்பிச்சான். என்னை யாரும் தேர்ந்தெடுக்கலை, அந்த "சொல்லு"லதான் ஆனேன்.

பிரச்சினை வெளிய வந்தப்போதான். ஒருத்தன் வரலைன்னா தெரியாத ஆள் ஒருத்தர் ஸ்குவாட்ல சேருவார். நான் மைக் ஆன் பண்ணி "வட கிழக்குல ரெண்டு பேர், காம்பவுண்டுக்குப் போங்க"ன்னு சொன்னா, அந்தப் பக்கம் ஒரு செகண்ட் அமைதி. அப்புறம் "ஏய், பொண்ணுடா!" அவ்வளவுதான், மேட்ச் முடிஞ்சுது. வட கிழக்குல ரெண்டு பேர் இருக்கிறது யாருக்கும் முக்கியம் இல்லை. சிலர் வழிவாங்க, சிலர் வீட்ல சமைக்கப் போகச் சொல்வாங்க, சிலர் வேணும்னே எதிர்த் திசைக்கு ஓடுவாங்க. ஓடிச் செத்துட்டு, "பொண்ணு கால் பண்ணா இப்படித்தான்".

கொஞ்ச நாள் மைக்கை ஆஃப் பண்ணிட்டு பிங் மட்டும் வெச்சு ஆடினேன். மேப்ல மார்க் போடுவேன், அவ்வளவுதான். 2019-ல ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் வந்தப்போ அதோட பிங் சிஸ்டத்தை எல்லாரும் கொண்டாடினாங்க. வாயே திறக்காம எதிரி இங்க, பொருள் இங்க, இங்க போகலாம்னு எல்லாம் சொல்லிடலாம். பேச முடியாதவங்களுக்கும் காது கேட்காதவங்களுக்கும் அது பெரிய உதவி. பின்னாடி இஏ கம்பெனி அந்தப் பேட்டன்ட்டை மத்தவங்களும் பயன்படுத்தலாம்னு திறந்தே விட்டுட்டாங்க.

இதுல ஒரு வேடிக்கை. நான் பிங் பண்ணா அதே ஆளுங்க கேட்டாங்க. மஞ்சள் மார்க் எங்க விழுதோ அங்க ஒழுங்கா போனாங்க. "நல்ல ஐஜிஎல் ப்ரோ"ன்னு சாட்ல போட்டாங்க. ப்ரோ! (சிரிப்பு.) முடிவு அதேதான், எடுத்தது நான்தான். குரல் இல்லாதவரைக்கும் அது சரியான முடிவு.

ஆனா பிங்கால எல்லாம் முடியாது. "இப்போ சுடாதே, அந்த ரெண்டு டீமும் அடிச்சுக்கட்டும், வண்டிச் சத்தம் வந்தா மட்டும் சொல்லு", இதை எந்த மார்க்கால சொல்வீங்க? டோர்னமென்ட்ல முதலிடத்துக்கு 10 பாயின்ட், ஒரு கில்லுக்கு 1. உயிரோட இருக்கிறதா, அடிக்கிறதான்னு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அதுக்குக் குரல் வேணும். வாலரன்ட்ல ரயட் கம்பெனி 2021-ல பெண்களுக்குன்னு கேம் சேஞ்சர்ஸ் போட்டிகளை ஆரம்பிச்சப்போ, தனிப் போட்டி எதுக்குன்னு நிறைய பேர் கேட்டாங்க. எனக்கு அந்தக் கேள்வியே வரலை. "பொண்ணுடா"ங்கிற அந்த ஒரு செகண்ட் இல்லாம கால் பண்ண ஒரு இடம் வேணும்ல?

இப்போ நான் மைக்கை ஆன்லதான் வெச்சிருக்கேன். யாராவது கேவலமா பேசினா ரிப்போர்ட், மியூட், அடுத்த மேட்ச். போன வருஷம் ஆகஸ்ட்ல, 2025-ல, ஆன்லைன் கேமிங் சட்டம் வந்துச்சு. காசு வெச்சு ஆடுறதை மூடினாங்க, இ-ஸ்போர்ட்ஸை ஒரு விளையாட்டா ஒத்துக்கிட்டாங்க. சட்டம் ஒத்துக்கிட்டா போதாது, ஸ்குவாட்ல இருக்கிற மூணு பேரும் ஒத்துக்கணும். ஆனா அம்மாகிட்ட "இது விளையாட்டுதான், அரசாங்கமே சொல்லிடுச்சு"ன்னு சொல்ல உதவுச்சு. அவங்க "சம்பளம் உண்டா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். "அப்போ உப்பளம் மாதிரிதான், மழை வந்தா ஒண்ணும் இல்லை"ன்னாங்க.

கேட்டுக்கிட்டு இருக்கிற ஐஜிஎல்களுக்கு ரெண்டு விஷயம். நீங்க போகச் சொல்ற வீட்டுக்குள்ள அப்பப்போ நீங்களும் முதல்ல நுழைங்க. எப்பவும் ஒரே தம்பியை முன்னாடி அனுப்பிட்டு, அவன் செத்தா "ஏன்டா செத்தே"ன்னு கேட்காதீங்க. ரெண்டாவது, மேட்ச் முடிஞ்சதும் ஒரு நிமிஷம் எடுத்து, அந்த முடிவை ஏன் எடுத்தேன்னு சொல்லுங்க. நாங்க இதைப் பழக்கமா வெச்சிருக்கோம். "ஓரமா நிக்கலாம்னு சொன்னேன், ஏன்னா வண்டியில ரெண்டு டயர் போச்சு" அப்படீன்னா பசங்களுக்கு அடுத்த தடவை நான் சொல்றதுக்கு முன்னாடியே புரியுது. சின்னத் தம்பி இப்போ என் காலை மறுத்துப் பேசறான். பாதி நேரம் அவன் சொல்றதுதான் சரி. அடுத்த மழைக்காலத்துல அவனை ஐஜிஎல் ஆக்கிட்டு நான் ஸ்னைப்பர் எடுக்கலாம்னு இருக்கேன்.

ஐஜிஎல் இல்லாத மத்த மூணு பேருக்கும் ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை தெரியாத குரல் ஒண்ணு "வட கிழக்குல ரெண்டு பேர்"னு சொன்னா, அது யார் குரல்னு அப்புறம் யோசிங்க. முதல்ல வட கிழக்கைப் பாருங்க. அங்க ரெண்டு பேர் இருக்காங்க.

அவ்வளவுதான் மக்களே, அடுத்த வாரம் பேசலாம்.