தரகருக்கும் பாடம் உண்டு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வக்கீல், ஆடிட்டர், பாங்க் மேனேஜர் என்று பெரியவர்கள் நிறைந்த சபையில் ஒரு வீட்டுத் தரகனைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். "என்னப்பா, மேடையிலேயே ஒரு ஃபிளாட்டைத் தள்ளிவிடப் போறியா?" என்று செயலாளர் கேட்டார். இன்று விற்பனை இல்லை. ஒரு தப்பை ஒப்புக்கொள்ளத்தான் வந்தேன்.

பி.காம். முடித்து மயிலாப்பூரில் இந்தத் தொழிலுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு சைக்கிளும் ஒரு டைரியும்தான். யாரும் சொல்லித்தரவில்லை. மாட வீதிகளில் சுற்றிச் சுற்றித்தான் கற்றுக்கொண்டேன். கட்டடம் நம்முடையது, அடிமனை கோயிலுடையது என்ற வீடுகள் அங்கே உண்டு. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி கோயில் மனையை விற்க ஆணையரின் அனுமதி வேண்டும். இதை நான் தெரிந்துகொண்டது டீக்கடையில்! கற்றது போதும் என்று பல வருஷம் இருந்துவிட்டேன்.

2007-ல், நமக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர் தி.நகரில் பழைய வீடு ஒன்று பார்த்தார். பூர்வீகச் சொத்து. வயதான தகப்பனாரும் இரண்டு பிள்ளைகளும் கையெழுத்துப் போடத் தயார். முப்பது வருஷ வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தாய்ப் பத்திரமும் இருந்தது. ஒரு மகள் இருந்தார்; 1985-லேயே கல்யாணம் ஆனவர். "சார், 89-க்கு முன்னாடி கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பூர்வீகத்தில் பங்கு கிடையாது, தைரியமா வாங்குங்க" என்றேன். ஓய்வுப் பணத்தை அப்படியே போட்டு வாங்கினார்.

நான் சொன்னது தமிழ்நாட்டின் 1989 திருத்தம். அது அப்போது சரி. ஆனால் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்துவிட்டது. அது வந்து ரெண்டு வருஷம் ஆகியும் எனக்குத் தெரியாது. அந்த அம்மா பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். அவர் கேட்டது நியாயம். ஐந்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில் சமாதானம் ஆயிற்று. சார் இரண்டாவது தடவை பணம் கட்டினார். அண்ணன் தம்பிகளிடமிருந்து அதில் பாதியைத்தான் திரும்ப வாங்க முடிந்தது.

நான் கமிஷனைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். அவர் திட்டவில்லை. "நீ கடைசியா எப்போடா படிச்சே?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. சார் இன்று நம்மோடு இல்லை. அந்தக் கேள்வி மட்டும் இருக்கிறது.

அதன்பிறகு எத்தனை மாற்றங்கள் பாருங்கள். 2011-ல் உச்சநீதிமன்றம், பவர் பத்திரத்தை மட்டும் எழுதிக்கொடுத்து வீட்டை விற்றால் உரிமை மாறாது என்றது. 2013 முதல் 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்துக்கு, வாங்குபவரே 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவை உயர்நீதிமன்றம் நிறுத்தியது. அடையாற்றின் கரையோரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை விதிகளைப் பார்க்க வேண்டும். அவை 1991, 2011, 2019 என்று மூன்று தடவை வெளிவந்திருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு "தண்ணி எவ்வளவு வந்தது?" என்று கேட்காத வாடிக்கையாளரே இல்லை.

பிறகு வந்தது ரேரா. 2016-ல் இயற்றி, 2017 மே மாதம் முழுமையாக அமலுக்கு வந்த சட்டம். பதிவு பெற்ற திட்டத்தில் விற்றுக்கொடுக்க தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அது சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 'சூப்பர் பில்டப்' என்று வாயில் வந்த அளவைச் சொல்ல முடியாது. கார்பெட் ஏரியாவுக்குச் சட்டமே விளக்கம் தருகிறது, பால்கனி அதில் சேராது.

ஆனால் அந்தச் சட்டம் தரகரிடம் படிப்போ தேர்வோ கேட்கவில்லை. மகாராஷ்டிரா 2023-ல் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று கொண்டுவந்தது. அமெரிக்காவில், கலிபோர்னியாவில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க 45 மணி நேரம் படித்திருக்க வேண்டும். முடிவெட்டும் கடைக்காரர் தப்புச் செய்தால் முடி வளர்ந்துவிடும். நாங்கள் தப்புச் செய்தால் ஒருவருடைய ஆயுள் சேமிப்பு போகும்.

அதனால் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் கல்லூரி வகுப்பறை ஒன்றை அரை நாளுக்குக் கொடுங்கள். இந்தச் சபையிலேயே வக்கீல் இருக்கிறார், பதிவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார், கடன் பிரிவில் இருந்த வங்கி நண்பர் இருக்கிறார். ஆளுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுக்கட்டும். மயிலை, தி.நகர், அடையாறு தரகர்களை அழைத்து வருவது என் பொறுப்பு. டீ, பஜ்ஜி செலவும் என்னுடையதே. வீடு வாங்கப்போகிறவர்களும் வந்து உட்காரலாம்.

அதுவரை, உங்கள் வீட்டுக்கு வரும் தரகரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ரேரா பதிவு எண் என்ன? இந்தக் குடும்பத்தில் மகள்கள் எத்தனை பேர், அவர்கள் கையெழுத்து எங்கே? மூன்றாவது, சார் என்னிடம் கேட்ட கேள்வி. மூன்றாவதற்கு முழித்தால், அவரை எங்கள் வகுப்புக்கு அனுப்பிவையுங்கள். முதல் பெஞ்சில் நான் இருப்பேன்.