கடல் கொள்ளுமுன் எழுந்த வினா



அமைதிப் பெருங்கடலில் வனுவாட்டு என்றொரு சிறுநாடு. அது உமிழும் கரிவளி மிகச் சிறிது. ஆயினும், பெருநாடுகள் உமிழ்ந்ததால் ஞாலம் வெம்மையுற, ஏறிவரும் கடல் அதன் கரைகளைத் தின்கின்றது.

2019-இல் தென்பசிபிக்குப் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் 27 பேர் ஒரு வினா எழுப்பினர்: ஞாலங்காப்பது நாடுகளின் விருப்பமா, சட்டக் கடமையா? வனுவாட்டு அரசு அதனை ஏந்தியது. 2023-இல் ஒன்றிய நாடுகள் அவை அதனைப் பன்னாட்டு முறைமன்றத்தின்முன் வைத்தது. 2025 சூலை 23-இல் நடுவர்கள் ஒருமித்து விடையிறுத்தனர்: கடமையே! தவறும் நாடு பொறுப்பேற்கவேண்டும். அத் தவற்றுக்கும் விளைந்த கேட்டுக்கும் தொடர்பு மெய்ப்பிக்கப்படின் இழப்பீடும் தரல்வேண்டும்.

அவ்விடை எவரையும் கட்டாது, கருத்துரையே. எனினும், நேற்றுவரை இரந்து நின்றோர் இன்று உரிமைகேட்டு நிற்கின்றனர். இது பெருநாடுகள் ஈந்ததன்று. கற்றோர் கேட்டுப் பெற்றது. கல்வி படைக்கலமாவது இவ்வாறே!