வாயுச் சூளையா, மின்சாரச் சூளையா?

குலாலச் சகோதரர்காள்! புறநானூற்றின் 228ஆம் பாட்டு நம் முன்னோர் சூளைப் புகையைப் பாடுகின்றது. அப்புகையினின்று நீங்கப் புதுச்சூளை வாங்க விழையும் இளைஞர், விலையை வினவுமுன் வனையும் கலத்தை எண்ணுக.

மின்சாரச் சூளையில் வெப்பம் சீராகும். உள்ளே காற்றுக் குறையாது. செம்மண் கலம் சிவந்தே வரும். செம்பு சேர்ந்த கண்ணாடிப் பூச்சுப் பசுமையுறும். வாயுச் சூளையிலோ காற்றைக் குறைத்தெரிக்கலாம். அப்பூச்சுச் சிவக்கவும் கூடும். மின்சாரச் சூளையில் அவ்வாறு அடிக்கடி புகையூட்டின் கம்பிச் சுருள்கள் விரைவிற் கெடும்.

ஆயினும் வாயு எரியுங்கால் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். ஆதலின் வீட்டோடு தொழில் செய்து அகலும் பொம்மையும் சுடுவோர்க்கு மின்சாரமே தக்கது; அதற்கும் காற்றோட்டமும் சுமை தாங்கும் மின்கம்பியும் வேண்டும். பூச்சுக் கலம் செய்வோர் வாயுச் சூளையைக் குடியிருப்பினின்று விலக்கி அமைக்க. தொழிலைக் காத்தல் கடன்; மக்களைக் காத்தல் அதனினும் பெருங்கடன்.