பாலே நடனமும் பாதணியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நான் பேச்சாளன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே பார்சல் ஆபீசில் இருபது ஆண்டுகளாகப் பேரேடு எழுதிவரும் குமாஸ்தா. இன்று இம்மேடையில் நிற்க நேர்ந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. மும்பையில் இரண்டு ஆண்டுகளாகப் பாலே நடனம் பயின்றுவரும் என் பத்து வயது மகள், வரும் ஆண்டு விழாவில் கால்விரல் நுனியில் நின்று ஆடவேண்டும் என்று விழாக் குழுவினர் அன்புடன் கேட்டனர். நான் இயலாது என்றேன். சிலருக்கு அதனால் மனவருத்தம். செலவுக்கு அஞ்சுகிறேன் என்று கருதியவர்களும் உண்டு. காரணம் அதுவன்று. உண்மைக் காரணத்தைச் சபையில் விளக்குவது என் கடமையாகும்.

பாலே இத்தாலிய அரசவைகளில் தோன்றிப் பிரான்ஸ் தேசத்தில் வளர்ந்த கலை. நடனத்தில் பெருவிருப்பங் கொண்ட பதினான்காம் லூயி மன்னர் 1661ஆம் ஆண்டில் பாரிசில் நடனத்துக்கென ஒரு கழகம் நிறுவினார். அவருடைய நடன ஆசிரியர் பியேர் போஷான் பாதங்களுக்குரிய ஐந்து நிலைகளை வகுத்தார் என்பர். இன்றும் உலகெங்கும் முதற்பாடம் அதுவே. பெயர்களும் பிரெஞ்சு மொழியிலேயே வழங்குகின்றன.

முதல் நிலையில் இரு குதிகளும் ஒட்டியிருக்க, விரல்கள் வெளிநோக்கும். இரண்டாம் நிலையில் அதே அமைப்பில் குதிகள் ஓர் அடி விலகும். மூன்றாவதில் ஒரு குதி மற்றப் பாதத்தின் நடுவில் பொருந்தும். நான்காவதில் ஒரு பாதம் மற்றதற்கு முன்னே சற்றுத் தள்ளி நிற்கும். ஐந்தாவதில் ஒரு பாதத்தின் குதி மற்றதன் விரல்களைத் தொடுமாறு இரண்டும் நெருங்கி நிற்கும். இவ்வாறு கால்களை வெளிப்புறம் திருப்புவது இடுப்பு மூட்டிலிருந்து நிகழவேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் போய்ச் சேரும்.

அடுத்த பாடம் 'ப்ளியே'. முழங்கால்களை மடக்கித் தாழ்தல். நம் அரைமண்டியை அறிந்த தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். தாழும்போது முழங்கால் பாதவிரல்களின் நேர்மேலே வரவேண்டும். அரை ப்ளியேயில் குதி தரையை விட்டு எழலாகாது. அதன்பின் 'தாந்து'. பாதத்தைத் தரையோடு உரசியபடி நீட்டி மீட்டல். அதன்பின் 'ரெலெவே'. குதியை உயர்த்தி முன்பாதத்தில் எழுதல். இவற்றைச் சுவரோரக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஆயிரம் முறை செய்த பிறகே அரங்கின் நடுவே ஆட்டம்.

நிற்க. பாதணிக்கு வருகிறேன். இங்கே என் பிழையை நானே ஒப்புக்கொள்ளவேண்டும். ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடச் செருப்பு வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரியதாக வாங்கி, முனையில் பஞ்சை அடைத்துக் கொடுக்கிறோம். பாலே காலணியையும் நான் அவ்வாறே வாங்கினேன். இரண்டாம் மாதத்தில் ரெலெவே செய்கையில் உள்ளே பாதம் வழுகி, குழந்தையின் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. மூன்று வாரம் நொண்டினாள். "அப்பா, ஷூவுக்குள்ளே என் கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை" என்று அவள் முன்னமே சொல்லியிருந்தாள். நான்தான் செவி சாய்க்கவில்லை.

ஆசிரியை அதன்பின் எனக்குக் கற்பித்ததை உங்களுக்குச் சொல்கிறேன். தொடக்க மாணவர்க்குரியது மெல்லிய தோலாலோ கான்வாஸ் துணியாலோ ஆன மென்காலணி. தோல் நெடுநாள் உழைக்கும், துணியைத் துவைக்கலாம். அடித்தோல் முழுமையாகவும் வரும், நடுவில் பிரிந்து இரு துண்டாகவும் வரும். முழு அடித்தோல் பாதத்தை உழைக்க வைப்பதால், தொடக்கத்தில் அதையே பலரும் பரிந்துரைப்பர். அளவு காலுறைபோல் கச்சிதமாக இருக்கவேண்டும். வகுப்பில் அணியும் காலுறையோடு போட்டு, எழுந்து நின்று, ப்ளியே செய்து பாருங்கள். விரல்கள் மடங்காமல் தட்டையாக நீண்டிருக்கவேண்டும். முனையில் வெற்றுத் துணி தொங்கலாகாது. குதியை உயர்த்தும்போது பின்புறம் கழன்றுவிடக் கூடாது. வெளியே அணியும் செருப்பின் எண்ணை நம்பி இணையத்தில் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் பொருந்தாது. எலாஸ்டிக் பட்டி தைக்கப்படாமல் வந்தால், அணிந்து பார்த்து, பாதத்தின் மேல் படியும் இடத்தைக் குறித்துத் தையுங்கள். முன்புறக் கயிற்றை இறுக்கி முடிந்து உள்ளே செருகிவிடுங்கள். தெருவில் அதை அணிந்து நடக்க விடாதீர்கள்.

இனி நுனிக்கால் காலணி. 1832இல் பாரிசில் 'லா சில்ஃபீது' என்னும் பாலேயில் மாரி தாலியோனி விரல்நுனியில் ஆடி உலகை வியக்க வைத்தார். அவர் அணிந்தது கெட்டி முனையற்ற சாட்டின் காலணி. முனையில் நூலால் தைத்து உரமேற்றியது. தாங்கியது அவர் பாதத்தின் வலிமையே. இன்றைய காலணியில் துணியும் காகிதமும் பசையிட்டு அடுக்கிய கெட்டி முனையும், பாதத்தின் அடியே விறைப்பான தண்டும் உண்டு. ஆயினும் அவை துணை நிற்குமேயன்றி, ஆடுபவளைத் தூக்கி நிறுத்தமாட்டா. உடலின் பாரம் முழுவதும் விரல்நுனியில் இறங்குகிறது. பத்து வயதில் பாதத்தின் எலும்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே பெரும்பாலான ஆசிரியர்கள் 11, 12 வயதுக்கு முன் இதை அனுமதிப்பதில்லை. வயது மட்டும் போதாது. சில ஆண்டுப் பயிற்சியும் கணுக்கால் வலிமையும் வேண்டும். அக்காள் அணிந்ததைத் தங்கைக்குக் கொடுப்பதும் தகாது. அது முதலில் அணிந்தவர் பாதத்திற்கேற்ப வளைந்துவிட்டிருக்கும். ஜல்லி பரப்பிக் கெட்டிப்படுத்தாத பாதையில் எந்த ரயில்வேக்காரரும் எஞ்சினை விடமாட்டார். நான் மட்டும் என் பெண்ணின் பாதத்தில் அதைச் செய்யலாமா?

தமிழ்ப் பிள்ளைக்கு மேனாட்டு ஆட்டம் எதற்கு என்றும் சிலர் வினவுகின்றனர். மதுரையில் 1904இல் பிறந்த ருக்மிணி தேவி அவர்கள், ரஷ்ய நாட்டியமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் உள்ளம் பறிகொடுத்து, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே பயின்றார். தாய்நாட்டின் நடனத்தைத் தேடிக் கற்குமாறு அவருக்கு எடுத்துரைத்தவரும் பாவ்லோவாவே. 1935இல் அடையாற்றில் பரதநாட்டியம் ஆடினார். மறு ஆண்டில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். பிறர் கலையைப் பணிவோடு கற்றவர் தம் கலைக்குப் பகையாவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே அன்பர்களே, வரும் விழாவில் என் மகள் மேடைக்கு வருவாள். ஒரு நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு, சாதாரண மென்காலணியில், ஐந்து நிலைகளையும் ப்ளியேயையும் செய்து காட்டுவாள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பார்க்கப் பிரமாதமாக இராது. ஆனால் அவள் குதி தரையில் படிந்திருக்கும், முழங்கால் நேராக வரும். அதைக் கண்டு கைதட்டுங்கள். நுனிக்காலுக்குரிய நாளை அவள் ஆசிரியை சொல்லட்டும். அதுவரை நானும் காத்திருக்கிறேன். நீங்களும் காத்திருக்க வேண்டுகிறேன்.